இலையை மறைத்த கை

கறி வறுவலோடு போன என் கரண்டிக்குக் குறுக்கே ஒரு கை வந்தது. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்கள். இலையை அப்படியே மறைத்துக்கொண்டு, "போதும்மா, போதும்" என்றார். நான் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.

நடந்தது அவ்வளவுதான். ஒரு மனிதர் போதும் என்றார், நான் நம்பினேன். இதற்காக ஒரு குடும்பத்தில் அண்ணனும் தங்கையும் வருடக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? நம் ஊர்க்காரர்கள் உடனே நம்புவார்கள்.

(இந்தத் தொடரில் விதைகளைப் பற்றியே இரண்டு வாரம் எழுதித் தீர்த்துவிட்டேன். கடலூரில் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவளிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ஆனாலும் பத்திரிகை ஆசிரியர், இந்த வாரமாவது மனிதர்களைப் பற்றி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். முயற்சி செய்கிறேன்.)

அது எனக்குக் கல்யாணமாகிச் சிதம்பரத்துக்கு வந்த முதல் கோடை. கணவர் சேகருக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. இலையைக் கையால் மறைத்தவர் என் மாமியாரின் அண்ணன், ஊர்ப் பெயராலேயே எல்லோரும் சொல்கிற காடாம்புலியூரார். சேகருக்குத் தாய்மாமா, எனக்கு முறைக்குப் பெரியப்பா. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். பஸ்ஸில் வழி முழுக்க ஒரு பெரிய பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டாவது தடவை சோறு கொண்டுபோனேன். மறுபடி கை மறைத்தது, மறுபடி நான் நகர்ந்தேன். அடுப்படியில் மாமியார், "அண்ணனுக்கு நல்லா வச்சியாம்மா?" என்று கேட்டார். "அவருக்குப் போதுமாம் அத்தை" என்றேன். அது உண்மைதானே?

அவர் எழுந்தபோது இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார். தன் பக்கமாக மடித்தால் இந்த உறவு இன்னும் வேண்டும் என்று அர்த்தம், எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில் மட்டும்தான். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. எவ்வளவு நேர்த்தியாக மடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். வெற்றிலைகூட எடுக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

சாயங்காலம் அவர் கொண்டுவந்த பழத்தை அறுத்தோம். வீட்டில் யாருக்கும் சுளை இறங்கவில்லை. நான் மட்டும் நன்றாகச் சாப்பிட்டேன்.

திமிர்

விருந்தாளி போதும் என்பார், நீங்கள் வைக்க வேண்டும். கையால் மறைப்பார், விரல் இடுக்கு வழியாகவாவது வைக்க வேண்டும். "ஐயையோ" என்பார், அதற்குப் பிறகு வைப்பதுதான் அவர் வயிற்றில் சேரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விசாரித்துப் பார்த்தால், மற்றவர்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லையாம், தானாகவே தெரியுமாம்.

எனக்குத் தெரிந்தும் வேண்டுமென்றே வைக்கவில்லை என்று உறவுக்காரர்கள் முடிவு கட்டினார்கள். கவர்மென்ட் உத்தியோகம் அல்லவா, அதனால் திமிர். ஒரு தடவை அந்தப் பெயர் வந்துவிட்டால் பிறகு எல்லாமே அதற்குச் சாட்சி சொல்ல வந்துவிடும்.

வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று கேட்க மாட்டேன். அதுதான் வந்துவிட்டார்களே, இனி எதற்கு என்று தோன்றும். அது திமிர். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்ப்பேன், அதுவும் திமிர். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவேன். மாமியார் சமையல் பிடிக்காமல் போடுகிற நாடகமாம். பட்டுப் புடவை ஜரிகை இடுப்பில் உரசுகிறது என்று சொந்த வரவேற்பிலேயே உள்ளே போய் நைந்த காட்டன் புடவைக்கு மாறிக்கொண்டு வந்தேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

சொல்லிவிடுகிறேன், நானும் அதை நம்பினேன். இத்தனை பேர் சொல்கிறார்களே, நான் ஏதோ ஒரு விதத்தில் கெட்டவளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எந்த விதத்தில் என்றுதான் பிடிபடவில்லை.

துணி மலை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கடல் ஊருக்குள் வந்த அந்தச் சுனாமி மார்கழியில் நான் கல்யாணமாகாமல் கடலூரில் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹாஸ்டலில் இருந்தேன். தேவனாம்பட்டினத்து ஜனங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். ஆபீஸிலிருந்து எல்லோரும் போனோம்.

கூட வந்தவர்கள் அந்தப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்போது மணவறை மேடையில் ஒரு துணி மலை கண்ணில் பட்டது. லாரி லாரியாக வந்து கொட்டியது. ஜிகினாப் பாவாடை, கோட்டு சூட்டு, குழந்தைச் சட்டை, நாப்தலின் நாற்றம் அடிக்கிற சேலை, எல்லாம் கலந்து கிடந்தன. யாருக்கும் எதுவும் எடுக்கத் தோன்றாத மலை.

நான் மேடையேறிப் பிரிக்க ஆரம்பித்தேன். கைலி தனி, நைட்டி தனி, ஜாக்கெட்டெல்லாம் அளவுப்படி தனி. எங்கள் ஆபீஸ் அக்கா ஒருவர், "கல் நெஞ்சுக்காரி, ஒரு சொட்டு கண்ணீர் வருதா பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு மீனவப் பெண் மேடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடிக்கத் தொடங்கினார். சாயங்காலம் வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கிளம்பும்போது அவர் சொன்னார்:

"எல்லாரும் யாரு போனாங்க, என்னா போச்சுன்னு கேட்டுக்கினே இருக்காங்க. நீ ஒருத்திதான் கேக்கல. அதான் இங்க வந்து குந்துனேன்."

நான் சரி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அவர் எனக்கு நன்றி சொன்னார் என்று புரிவதற்குச் சில வருடங்கள் ஆயின.

நானும் அப்படித்தான்

கடலூரில் இருக்கிற என் அண்ணனின் மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நாலு வயதாகியும் பேச்சு சரியாக வரவில்லை. எனக்குக் கல்யாணமாகிச் சில வருடம் கழித்து அண்ணன் அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனபோது துணைக்கு நானும் போனேன். டாக்டர் என் வயதுப் பெண்தான். ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணன் தயங்கித் தயங்கி இழுத்தான். எனக்குத்தான் எல்லாப் பதிலும் தெரிந்திருந்தது.

சத்தம் கேட்டால் காதைப் பொத்துவாளா? பொத்துவாள் டாக்டர், நானும் அப்படித்தான். தட்டில் சோறும் பொரியலும் ஒன்றோடொன்று பட்டுவிட்டால் அழுவாளா? அழுவாள், நானும் அப்படித்தான். ஒரே பாதையில்தான் போக வேண்டும் என்பாளா? ஆமாம், அது நியாயம்தானே?

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவருடைய காலண்டரைப் பார்த்தேன். தனியாக ஒரு நாள் வாருங்கள் என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். எங்க குடும்பமே இப்படித்தான்" என்றேன்.

"அதத்தாங்க நானும் சொல்றேன்" என்றார் அவர்.

சில தடவை போனேன். தாளில் நிறையக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 'அடிக்கடி', 'சில சமயம்' என்று பதில்கள். அடிக்கடிக்கும் சில சமயத்துக்கும் எல்லை எது, யார் வகுத்தது என்று கேட்டேன். முதல் கேள்வியைத் தாண்டவே அரை மணி ஆனது. இதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் சிரித்தார்.

கடைசியில் ஒரு நாள் ஆட்டிசம் என்று சொன்னார். நோய் இல்லை, மருந்தும் இல்லை, மூளை வேறு மாதிரி அமைந்திருக்கிறது என்றார். மற்றவர்கள் முகத்திலும் குரலிலும் படித்துக்கொள்வதை நான் படிப்பதில்லையாம். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அப்போ திமிர் இல்லையா?"

"இல்லங்க. எந்தக் காலத்திலயும் இல்ல."

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. வசதியாக அழுதேன். ஆலப்பாக்கம் தாண்டுவது வரை நிம்மதியில் அழுதேன். அதற்குப் பிறகு கோபத்தில் அழுதேன். இதை ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் என் பள்ளிக்கூடமும் ஹாஸ்டலும் கல்யாணமும் எவ்வளவு லேசாக இருந்திருக்கும் என்று ஆற்றாமையாக இருந்தது. சிதம்பரம் நெருங்கும்போது இன்னொரு வருத்தம் வந்தது. நான் ரொம்ப நேர்மையானவள் என்று எனக்கு ரகசியமாக ஒரு பெருமை உண்டு. அதில் பாதி இப்போது ஆட்டிசத்தின் கணக்கில் போய்விட்டது.

வீணாய்ப்போன கோபங்கள்

சேகரிடம் சொன்னேன். அவர் கேட்டது நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"அப்போ நான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருந்ததெல்லாம் உனக்குத் தெரியவே தெரியாதா?"

"எப்போ இருந்தீங்க?"

"எப்போவா? போன வாரம் பூரா உன்கூடப் பேசல நானு."

"கடையில வேலை ஜாஸ்தின்னு நெனச்சேன். வீடு அமைதியா நல்லா இருந்துச்சுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வருடக்கணக்காகப் பட்ட கோபமெல்லாம் பார்ப்பாரில்லாமல் வீணாய்ப் போனது அவருக்குப் பெரிய நஷ்டம்தான். அன்றிலிருந்து, "உமா, எனக்கு இப்போ கோவம்" என்று அறிவித்துவிட்டே கோபப்படுகிறார். பாதிக் கோபம் அறிவிக்கும்போதே போய்விடுகிறது.

ஆனால் வெளியில் சொல்லாதே என்றார். அவர் தங்கை கவிதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். குடும்பத்தில் இப்படி ஒன்று என்று மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் வேறு மாதிரி பேசுவார்கள் என்று பயந்தார். அத்தைக்குக்கூடச் சொல்லவில்லை. நானும் ஒப்புக்கொண்டேன்.

நான் வாங்கி வந்த பழம்

கவிதாவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. எல்லாம் பேசி முடிந்தது, ஒன்றைத் தவிர. தாய்மாமன் வந்து நிற்காத கல்யாண மேடையை எங்கள் பக்கத்தில் மொட்டையாகப் பார்ப்பார்கள். காடாம்புலியூரார் வருவாரா? அத்தை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு நாள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் பலாப்பழமே கண்ணுல படல" என்றார்.

அதற்கு முந்தின மார்கழியில் அடித்த புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஊருக்குள் பழம் வரவில்லை. பாவம், அத்தைக்கு ஆசை போலிருக்கிறது என்று நான் கடலூரில் கடை கடையாக ஏறி இறங்கி, எங்கேயோ வெளியூரிலிருந்து வந்த ஒரு பழத்தைப் பிடித்தேன். பஸ்ஸில் கீழே வைக்க இடமில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். புடவையைத் தாண்டி முள் தொடையில் குத்திக்கொண்டே வந்தது.

அத்தை பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். பழம் நல்லதாக இல்லையோ என்று தட்டிப் பார்த்தேன். நல்ல பழம்தான்.

சேகர் கடையிலிருந்து வந்துதான் விளக்கினார். அம்மா பழத்தைக் கேட்கவில்லை, அண்ணனைக் கேட்டார். தொடையில் முள் பட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது. அந்த மனிதரும் அன்றைக்கு இப்படித்தானே குத்து வாங்கிக்கொண்டு வந்திருப்பார் என்று அப்போதுதான் தோன்றியது.

பத்திரிகை வைக்க நானும் வருகிறேன் என்றேன். சரி, வந்து மன்னிப்புக் கேட்டுவிடு என்றார் சேகர். எதற்கு என்று கேட்டேன், அவர்தானே போதும் என்றார்? அப்படியென்றால் வாயைத் திறக்காமல் இரு என்றார். ஒப்புக்கொண்டேன்.

முந்திரிக் களத்தில்

காடாம்புலியூரார் தகரக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே களத்தில் கொஞ்சம் முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. எங்களை வாங்க என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

வெற்றிலைத் தட்டும் பத்திரிகையும் கட்டிலின் ஓரத்தில் இருந்தன. அவர் தொடவில்லை. அத்தையும் சேகரும் மழையைப் பற்றிப் பேசினார்கள், பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசினார்கள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதைப்பைப் பற்றிப் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். பேச வேண்டியதைத் தவிர எல்லாம் பேசியாகிவிட்டது. பேசிக்கொண்டே அத்தையின் விரல் அந்தத் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பெரியப்பா, அன்னிக்கு உங்களுக்கு இன்னும் வேணும்னு இருந்துச்சா?"

சேகர் கண்ணை மூடிக்கொண்டார். காடாம்புலியூரார் முதல்முறையாக நிமிர்ந்தார்.

"காலையிலேர்ந்து வெறும் வயிறு. பழத்தத் தூக்கிக்கினு ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன். கூடப்பொறந்தவ வூட்டுல திங்கலாம்னுதான் வந்தேன்."

"அப்புறம் ஏன் போதும்னு சொன்னீங்க?"

"கேட்ட ஒடனே யாராச்சும் வாங்கிக்குவாங்களா? நான் வேணாம்னு சொல்லணும், நீ அள்ளி வைக்கணும். அதுதான மரியாதை?"

"அது எனக்குத் தெரியாது பெரியப்பா. நெஜமாவே தெரியாது. டாக்டர்கிட்டப் போனேன், ஆட்டிசம்னு சொல்லியிருக்காங்க. பொறந்ததிலேர்ந்தே இருக்குதாம். வாயால சொல்றதுதான் எனக்குப் புரியும். மனசுல வச்சிருக்கிறது புரியாது."

சேகருக்குக் கொடுத்த வாக்கு அத்தோடு போயிற்று. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காடாம்புலியூரார் குரல் இறங்கிப்போய்ச் சொன்னார்:

"என் அழுக்கு வேட்டியப் பாத்துட்டு, இவனுக்கு இது போதும்னு நீ போயிட்டன்னு நெனச்சேம்மா."

"வேட்டிய நான் பாக்கவே இல்ல பெரியப்பா. உங்க பழத்துல எத்தினி கொட்டை இருக்கும்னு யோசிச்சிக்கினு இருந்தேன்."

இது சத்தியமான உண்மை. அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "இலை போடு" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

பெரியம்மா கைநிறைய அள்ளி வைக்கிற ரகம். போதும் என்றேன், சிரித்துக்கொண்டே வைத்தார். இலையைக் கையால் மறைத்தேன், விரல் இடுக்கில் குழம்பு இறங்கியது. பொரியலும் சோறும் குழம்பில் மிதந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விருந்து வீடுகளில் என் கதை எப்போதும் இதுதான். மூன்றாவது கரண்டி வரும்போது காடாம்புலியூரார் அதட்டினார்.

"ஏ, விடு. அவ போதும்னா போதும்."

கரண்டி நின்றது. அதுவரை எந்தப் பந்தியிலும் என் போதும் என்ற சொல்லை ஒருவரும் நம்பியதில்லை. அந்த மனிதர் மேல் எனக்குச் சட்டென்று அப்படி ஒரு பிரியம் வந்தது. வெற்றிலைத் தட்டு இப்போது கட்டிலில் இல்லை, அவர் மடியில் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நான் வழக்கம்போல் ஜன்னலோரம் போனேன். அத்தை நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "உமா, எனக்கு ஜன்னல் சீட்டு வேணும்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் விஷயம். எழுந்து கொடுத்தேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

பந்தி

காடாம்புலியூராரிடம் சொன்னால் அதற்குத் தனியாகத் தண்டோரா தேவையில்லை. கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து இறங்கி, "எங்க உமாவுக்குச் சுத்தி வளைச்சுப் பேசுனா புரியாது, நேரா சொல்லணும். திமிரெல்லாம் இல்ல" என்று மண்டபம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம், சேகரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மாப்பிள்ளையின் சித்தி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். அவர் மகனுக்கு வயது இருபத்தைந்தாம்.

முதல் பந்தியில் காடாம்புலியூரார் உட்கார்ந்தார். சாம்பார் வாளியோடு வந்த சமையல் ஆளை நிறுத்திவிட்டு, உமா வரட்டும் என்றார். நான் வாளியை வாங்கிக்கொண்டேன். ஊற்றினேன். அவர் வரிசைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இன்னும் வேணும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பந்தியில் வாய்விட்டு வேணும் என்று கேட்பது அந்தத் தலைமுறை மனிதருக்கு எவ்வளவு கூச்சம் என்று எனக்கு இப்போது தெரியும். எனக்காகக் கேட்டார். ஊற்றினேன். பிறகு அந்தக் கறுத்த விரல்கள் இலைக்குக் குறுக்கே வந்தன.

"போதும்மா."

நான் வாளியோடு நின்றேன். பக்கத்து இலைக்காரர், "சும்மா சொல்றாரு, ஊத்தும்மா" என்றார்.

"நெஜமாவா பெரியப்பா?"

"நெஜமா."

அடுத்த இலைக்கு நகர்ந்தேன். வரிசை முடிந்து திரும்பி வரும்போது அவர் கை கழுவப் போயிருந்தார். அவர் இலை எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று இந்த முறை குனிந்து பார்த்தேன். அவர் உட்கார்ந்திருந்த பக்கமாக மடிந்திருந்தது.